சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து 9-க்கு: ஸ்க்விட் பாலிசி கோப்பை அப்படியே தூக்கி வைத்தால் போதுமா?

வாசகர் கேள்வி, மே 27, 2024

அண்ணா, எங்கள் ப்ராக்ஸி பெட்டியில் (எல்லாருடைய இணையப் போக்குவரத்தும் கடந்து போகும் சர்வர்) இருப்பது சென்ட்ஓஎஸ் 7. ஜூன் 30-உடன் அதற்கு அப்டேட் நின்றுவிடும் என்பதால் ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறச் சொல்லிவிட்டார்கள். ப்ராக்ஸி மென்பொருளான ஸ்க்விட் 3.5 இருந்த இடத்தில் இனி 5 வரும். ஸ்க்விட்.கான்ஃப், தடைப் பட்டியல்கள் எல்லாவற்றையும் புதிய சர்வருக்குக் காப்பி செய்து 'ஸ்க்விட் -கே பார்ஸ்' ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு எச்சரிக்கை வந்தது, மற்றபடி சுத்தம். சனிக்கிழமை இரவு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பார்ஸ் ஆகிவிட்டது என்றால் பாலிசி வந்து சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மே 27, இரவு

இல்லை. சனிக்கிழமையைத் தள்ளிப் போடுங்கள்.

பார்ஸ் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த வரிகளை ஸ்க்விட்டால் படிக்க முடிகிறது. நேற்று மறுக்கப்பட்ட ஆள் நாளையும் மறுக்கப்படுவாரா, நேற்று போன தளம் நாளையும் போகுமா என்பது அதற்குத் தெரியாது. பாலிசி என்பது அந்த 'யாருக்கு எது' என்ற பதில்தான். கோப்பு அதை எழுதி வைத்த ஒரு வடிவம், அவ்வளவுதான்.

மாற்றும்போது உடைவது இரண்டு வகை. சில வரிகள் சத்தமாக உடையும், ஸ்க்விட் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அரை மணியில் சரி செய்துவிடலாம். இன்னொரு வகை சத்தமே போடாது. ஸ்க்விட் எழுந்துவிடும், இணையம் ஓடும், எல்லாரும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மூன்று வாரம் கழித்து யாரோ ஒருவர் 'இந்தத் தளம் எப்படித் திறக்கிறது?' என்று கேட்பார்.

அந்த ஒன்றிரண்டு எச்சரிக்கை என்னவென்று போடுங்கள். அதிலேயே பாதி கதை இருக்கும்.

மே 28

போட்டதற்கு நன்றி. இரண்டுமே நல்ல உதாரணம்.

முதலாவது, 'டிஎன்எஸ்_வி4_ஃபர்ஸ்ட்' என்ற கட்டளை காலாவதியாகிவிட்டது என்கிறது. ஸ்க்விட் 5-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முயன்று, முதலில் கிடைப்பதில் போகும் முறை வந்துவிட்டது. கட்டளையை ஸ்க்விட் திட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடும், நிற்காது. வரியை நீக்கிவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும். ஆனால் அந்த வரியை அன்று யார், எதற்கு வைத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் ஐபிவி6 அரைகுறையாக இருந்திருக்கும், அதை மூடி மறைக்க வைத்திருப்பார்கள். மூடியை எடுத்தால் அடியில் இருப்பது வெளியே வரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. உங்கள் கோப்பில் 'டிசிபி_அவுட்கோயிங்_அட்ரஸ்' இருக்கிறதா? கணக்குப் பிரிவுக்கு ஒரு வெளி முகவரி, மற்றவர்களுக்கு வேறொன்று என்று வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எதிர்த்தரப்பு அந்த முகவரியை மட்டும் அனுமதித்திருக்கும். ஐபிவி4 முகவரி கொடுத்த வரி, ஐபிவி4-இல் போகும் இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். அந்தத் தளத்துக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, இணைப்பு அதில் போய்விட்டால், நீங்கள் கொடுத்த முகவரிக்கு அங்கே வேலை இல்லை. மறுபக்கம் கதவு சாத்தப்படும். வெளியே ஐபிவி6 ஒழுங்காக இல்லையென்றால் சர்வரிலேயே அதை அணைத்து வையுங்கள், இல்லை ஒழுங்காக்குங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

இரண்டாவது எச்சரிக்கைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'எம்ப்டி ஏசிஎல்.' ஏசிஎல் என்பது விதி வரிகளில் பயன்படும், பெயரிட்ட ஒரு பட்டியல். அதாவது உங்கள் தடைப் பட்டியல் காலி. இரவு தானாக ஓடும் க்ரான் ஸ்கிரிப்ட் பட்டியலை இறக்கிக் கொடுக்கிறது என்று சொன்னீர்கள், அது புதிய சர்வரில் இன்னும் ஓடவில்லை. காலியான ஏசிஎல் எதனோடும் பொருந்தாது. அதை வைத்து எழுதிய மறுப்பு வரி கோப்பில் அழகாக நிற்கும், யாரையும் மறுக்காது. நீங்கள் 'ஒன்றிரண்டு எச்சரிக்கை' என்று கடந்து போன அந்த ஒரு வரியில் உங்கள் தடைப் பட்டியல் முழுவதும் காணாமல் போயிருந்தது.

மே 29

சத்தமாக உடைபவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

எச்டிடிபிஎஸ்-ஐப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு: 'எஸ்எஸ்எல்_சிஆர்டிடி' என்ற துணை நிரல் ஸ்க்விட் 4-இலிருந்து 'செக்யூரிட்டி_ஃபைல்_சர்ட்ஜென்' ஆகிவிட்டது. பழைய பாதை இருந்தால் ஸ்க்விட் எழாது. சான்றிதழ் கிடங்கையும் பழையதிலிருந்து தூக்கி வராமல் புதிய நிரலாலேயே புதிதாக உருவாக்குங்கள். 'எஸ்எஸ்எல்ப்ராக்ஸி' என்று தொடங்கும் பல கட்டளைகளின் இடத்தை 'டிஎல்எஸ்_அவுட்கோயிங்_ஆப்ஷன்ஸ்' எடுத்துக்கொண்டது. கேஷ் அடைவைக் காப்பி செய்யவே வேண்டாம், புதிதாக நிரம்பட்டும். கோப்புகளை ரூட்டின் வீட்டு அடைவில் இறக்கிவிட்டு 'எம்வி' போட்டு நகர்த்தினால் எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸின் பாதுகாப்புக் காவல்) கோப்பில் ஒட்டிய அடையாளம் பழையதே ஒட்டிக்கொண்டு வரும், அனுமதி மறுப்பு என்று நிற்கும். 'ரெஸ்டோர்கான்' ஓட்டினால் சரி.

சென்ட்ஓஎஸ் 6-இன் 3.1-இலிருந்து நேராகத் தாவும் நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். உங்களுக்கு 3.2-இல் துணை நிரல்களின் பெயர்கள் எல்லாமே மாறியதும் சேரும்: 'ஸ்க்விட்_எல்டாப்_ஆத்' இப்போது 'பேசிக்_எல்டாப்_ஆத்', 'ஸ்க்விட்_எல்டாப்_குரூப்' இப்போது 'எக்ஸ்ட்_எல்டாப்_குரூப்_ஏசிஎல்'.

ஜூன் 1

யாரை அனுமதிப்பது, யாரை மறுப்பது என்று சொல்லும் எச்டிடிபி_ஆக்சஸ் வரிகளைப் பற்றி இன்று விரிவாக எழுதுகிறேன்.

மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. இது எல்லாருக்கும் தெரியும். எந்த வரியும் பொருந்தாவிட்டால்? கடைசி வரி என்னவோ அதற்கு நேர் எதிர். கடைசி வரி மறுப்பு என்றால் பொருந்தாதவர்களுக்கு அனுமதி. கடைசி வரி அனுமதி என்றால் மறுப்பு. அதனால்தான் 'டெனை ஆல்' என்று ஒரு வரியைக் கடைசியில் நிறுத்துகிறார்கள், இந்தப் புதிருக்கே இடம் இல்லாமல் போகட்டும் என்று.

கோப்பை இடம் மாற்றும்போது இது எங்கே கடிக்கும் என்றால், பலர் அந்த நேரத்தில்தான் ஒரே நீளக் கோப்பைத் துண்டுகளாக்குவார்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, தடைகளுக்கு ஒன்று. பிறகு 'இன்க்ளூட்' போட்டு அடைவிலிருந்து சேர்ப்பார்கள். கோப்புப் பெயரின் அகரவரிசைதான் இப்போது உங்கள் பாலிசியின் வரிசை. 'டெனை ஆல்' இருக்கும் துண்டுக்குப் பின்னால் ஒரு துண்டு விழுந்தால் அதில் உள்ள எதுவும் ஒருபோதும் படிக்கப்படாது. 'டெனை ஆல்' விடுபட்டு, கடைசித் துண்டு ஒரு தளத்தை மறுக்கும் வரியில் முடிந்தால், பொருந்தாதவர்கள் எல்லாருக்கும் கதவு திறந்துவிடும். இரண்டையும் பார்ஸ் சரி என்றே சொல்லும். துண்டாக்க வேண்டுமானால் பெயருக்கு முன்னால் 10, 20, 90 என்று எண் போடுங்கள்.

இன்னொன்று, பலர் குப்பை என்று நினைத்துத் தூக்கி எறிவது. இப்படி ஒரு வரி பார்த்திருப்பீர்கள்:

எச்டிடிபி_ஆக்சஸ் டெனை சமூகத்தளம் மாணவர்_குழு ஆல்

இதன் முடிவில் நிற்கும் 'ஆல்' எதற்கு? 'ஆல்' எல்லாவற்றோடும் பொருந்தும், ஆகவே வரியின் பொருள் அதனால் மாறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் மறுப்பு வரியின் கடைசி ஏசிஎல் லாகின் சம்பந்தப்பட்டதாக இருந்தால், ஸ்க்விட் 403 என்று மறுத்துவிட்டுப் போகாது. 'வேறு பெயரில் வந்து பார்' என்று 407 அனுப்பும். பயனர் திரையில் பாஸ்வேர்ட் பெட்டி எழும்பும். அவர் சரியான பாஸ்வேர்டைத்தான் மறுபடி மறுபடி கொடுப்பார், பெட்டி மறுபடி மறுபடி எழும். அதைத் தடுக்கத்தான் யாரோ ஒரு அனுபவசாலி 'ஆல்' வைத்திருக்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு அதை அப்படியே விடுங்கள்.

ஜூன் 2

'ஓடுகிற 3.5-ஐ ஏன் தொட வேண்டும், இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே' என்ற கேள்விக்கு: வேண்டாம். 2023 அக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்க்விட்டில் தாம் கண்ட 55 குறைகளை மொத்தமாக வெளியிட்டார், அவற்றில் பல அன்றைக்குத் திருத்தப்படாமலே இருந்தன. புதிய வரிசைகளுக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது. 3.5-க்கு ஸ்க்விட் குழுவிடமிருந்து எதுவும் வராது, ஜூன் 30-க்குப் பிறகு சென்ட்ஓஎஸ்ஸிடமிருந்தும் வராது. மொத்த நிறுவனத்தின் போக்குவரத்தும் கடக்கிற பெட்டி இது.

ஜூன் 5

சொந்தமாக எழுதிய துணை ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் நின்று படியுங்கள். எங்கள் பரிசோதனைப் பெட்டியில் இதைப் பிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

எங்களிடம் ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் உண்டு. ஸ்க்விட் அதனிடம் கணினியின் ஐபி முகவரியைக் கொடுக்கும். அது இன்று தேர்வு நடக்கும் ஆய்வகத்தின் கணினி என்றால் 'ஓகே' சொல்லும், இல்லையென்றால் 'ஈஆர்ஆர்'. 'ஓகே' வந்தால் தேர்வுத் தளம் தவிர மற்ற எல்லாம் மறுப்பு. 3.5-இல் வருடக்கணக்கில் ஓடியது. 5-இல் எல்லாக் கணினிக்கும் 'ஈஆர்ஆர்'. கமாண்ட் லைனில் கையால் முகவரியைத் தட்டினால் 'ஓகே' என்கிறது, ஸ்க்விட் கேட்டால் இல்லை என்கிறது.

ஸ்கிரிப்டுக்குள் வந்து விழும் வரியை அப்படியே ஒரு கோப்பில் எழுத வைத்துப் பார்த்தேன். முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி, அதன் பின்னால் ஒரு சின்னக் கோடு. '10.20.4.17 -'.

விஷயம் இதுதான். ஸ்கிரிப்டை அழைக்கும் எக்ஸ்டர்னல்_ஏசிஎல்_டைப் வரியில் நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏசிஎல் வரியில் கொடுத்த கூடுதல் சொற்களை ஸ்க்விட் கடைசியில் சேர்த்து அனுப்பும். எதுவும் கொடுக்கவில்லை என்றால் 3.x-இல் அங்கே வெற்றிடமோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தது. புதிய வரிசைகளில் '-' வரும். ஸ்கிரிப்ட் முழு வரியையும் முகவரி என்று எடுத்து ஒப்பிட்டதால் எதுவும் பொருந்தவில்லை. வரியை இடைவெளியில் வெட்டி முதல் சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

இதிலிருந்து எனக்கு வேறொரு யோசனை வந்தது. அதே பிழை ஒரு அனுமதி வரியில் இருந்திருந்தால்? ஸ்கிரிப்ட் 'ஈஆர்ஆர்' சொல்லும், வரி பொருந்தாது, அனுமதி கிடைக்காது, பத்தே நிமிடத்தில் போன் மணி அடிக்கும். எங்களுடையது மறுப்பு வரி. வரி பொருந்தாவிட்டால் மறுப்பும் இல்லை. தேர்வு நேரத்தில் ஆய்வகம் முழுக்க இணையம் திறந்து கிடந்திருக்கும், ஒரு மாணவரும் போன் செய்து புகார் சொல்லியிருக்க மாட்டார்.

எல்டாப் (பயனர் கணக்குகளும் குழுக்களும் இருக்கும் டைரக்டரி) குழுவை வைத்து எழுதும் வரிகளுக்கும் இதே கணக்கு. தேடும் கிளை மாறிவிட்டது, குழுவின் பெயர் மாறிவிட்டது என்றால் பதில் 'ஈஆர்ஆர்'தான். குழுவை வைத்து மறுக்கும் வரிகளை, முடிந்த இடத்தில் எல்லாம், குழுவை வைத்து அனுமதிக்கும் வரிகளாகத் திருப்பி எழுதுங்கள். பிழை வந்தால் கதவு சாத்திக்கொள்ள வேண்டும், திறந்துகொள்ளக் கூடாது.

ஜூன் 8

சரி, இவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே இருக்க முடியாது. நான் சொல்லாதது இன்னும் எத்தனையோ இருக்கும். அதனால் கோப்பை விட்டுவிட்டு பதில்களை ஒப்பிடுங்கள்.

நான் செய்யும் முறை இது. பழைய பெட்டியின் ஆக்சஸ் லாகிலிருந்து ஒரு வாரத்தை எடுக்கிறேன். அதிலிருந்து தளத்தின் பெயர், போர்ட், கேட்டவர் எந்தக் குழு என்பவை மட்டும். ஆட்களின் பெயர், முழு முகவரி எதுவும் வேண்டாம். யார் எதைப் பார்த்தார்கள் என்பது சோதனைக்குத் தேவையே இல்லை, அந்தக் கோப்பு என் மடிக்கணினியில் கிடப்பதும் சரியில்லை. திரும்பத் திரும்ப வருவதை ஒன்றாக்கினால் பட்டியல் நன்றாகச் சுருங்கிவிடும். குழுவுக்கு ஒரு சோதனைக் கணக்கு. பிறகு கர்ல் (கமாண்ட் லைனிலிருந்தே தளங்களைக் கேட்கும் கருவி) வைத்து அதே பட்டியலை ஒருமுறை பழைய ப்ராக்ஸி வழியாக, ஒருமுறை புதிய ப்ராக்ஸி வழியாக ஓட்டி, ப்ராக்ஸி சொன்ன எண்ணை மட்டும் எழுதி வைக்கிறேன். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு, கனெக்ட் கோரிக்கைக்கு ப்ராக்ஸி தந்த எண்ணைக் கர்லே தனியாகக் கொடுக்கும், 'எச்டிடிபி_கனெக்ட்' என்று கேட்டால் போதும். கடைசியில் இரண்டு கோப்புக்கும் ஒரு 'டிஃப்', அதாவது வேறுபடும் வரிகளை மட்டும் காட்டும் ஒப்பீடு.

பழைய லாகில் இருந்த எண்ணையே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால், அன்றைய பட்டியல் வேறு, இன்றைய பட்டியல் வேறு. இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் கேட்டால்தான் வித்தியாசம் பெட்டியுடையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

டிஃப் காலியாக வந்தால் கொண்டாடாதீர்கள். முதலில் பட்டியலில் மறுக்கப்பட்டவை போதுமான அளவு இருக்கின்றனவா பாருங்கள். வாரம் முழுக்க அனுமதிக்கப்பட்டதை மட்டுமே ஓட்டினால், எல்லாவற்றையும் அனுமதிக்கும் ஒரு உடைந்த ப்ராக்ஸியும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

ஜூன் 9

நேற்று எழுதியதை இரவு மறுபடி படித்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. எல்லாக் கோரிக்கையும் ஒரே சோதனைக் கணினியிலிருந்து போகிறது. ஐபி முகவரியை வைத்து எழுதிய வரிகள் எதுவும் சோதிக்கப்படவே இல்லை. ஆய்வகம், நூலகம், விருந்தினர் வைஃபை என்று முகவரியால் பிரிக்கும் இடங்களில் பாலிசியின் பாதி அதுதான்.

அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு பெட்டியிலும் 'ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்' கட்டளையில் உங்கள் சோதனைக் கணினியின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். பிறகு கர்லில் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' ஹெட்டரில் எந்த முகவரியைக் கொடுக்கிறீர்களோ அதையே கேட்பவரின் முகவரியாக ஏசிஎல்கள் எடுத்துக்கொள்ளும். எச்டிடிபிஎஸ் தளத்துக்கு அந்த ஹெட்டர் ப்ராக்ஸியிடம் போக வேண்டும், தளத்திடம் அல்ல. கர்லில் ப்ராக்ஸி ஹெட்டருக்குத் தனி விருப்பம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இப்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளாகத்தின் எல்லாப் பகுதியிலிருந்தும் கேட்டுப் பார்க்கலாம்.

சோதனை முடிந்த அன்றே அந்த வரியை இரண்டு பெட்டியிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அந்தக் கணினி கையில் கிடைப்பவர் வளாகத்தில் யாராக வேண்டுமானாலும் நடிக்கலாம்.

ஜூன் 10

நேரம்! மதிய உணவு வேளையில் சமூகத் தளங்களைத் திறந்துவிடும் வரிகள் இருக்கும் இடங்களில் 'டைம்டேட்சிடிஎல்' ஓட்டிப் பாருங்கள். புதிய சர்வரை நிறுவும்போது நேர மண்டலத்தை யுடிசி-யாக (உலகப் பொது நேரம்) விட்டிருந்தால், பிற்பகல் 1 மணிக்குத் திறக்க வேண்டியது மாலை 6.30-க்குத் திறக்கும். மேலே சொன்ன டிஃப் முறை இதைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் காலை 10 மணிக்கு ஓட்டினால் இரண்டு பெட்டியிலும் மூடித்தான் இருக்கும். பகல் 1.15-க்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

ஜூன் 13

எல்டாப் லாகின் புதிய பெட்டியில் மட்டும் விழுகிறது, அதே வரி பழையதில் ஓடுகிறது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். வரியில் குற்றம் இல்லை, ஓஎஸ்ஸைப் பாருங்கள்.

ரெட் ஹாட் 8-இலிருந்தே மொத்த ஓஎஸ்ஸுக்கும் பொதுவான கிரிப்டோ பாலிசி (எந்தக் குறியாக்க முறைகளை ஏற்கலாம் என்ற விதி) வந்துவிட்டது. டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே பேசாது, 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியை ஏற்காது. 9-இல் எஸ்எச்ஏ-1 கையொப்பத்தையும் மறுக்கும். ராக்கியும் அல்மாவும் இதையே பின்பற்றுகின்றன. உங்கள் டைரக்டரி சர்வரின் சான்றிதழ் பத்து வருடத்துக்கு முன் எஸ்எச்ஏ-1 கொண்டு கையொப்பமிட்டதாக இருந்தால் எல்டாப்ஸ் (குறியாக்கம் செய்த எல்டாப்) இணைப்பே அமையாது. துணை நிரல் 'சர்வரை அடைய முடியவில்லை' என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_க்ளையன்ட்' கொண்டு அந்த போர்ட்டைத் தட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

இணையத்தில் தேடினால் பாலிசியை 'லெகசி'க்கு மாற்றச் சொல்லி ஒற்றை வரித் தீர்வு கிடைக்கும். செய்யாதீர்கள். அது ஸ்க்விட்டை மட்டும் தளர்த்தாது, அந்தப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் தளர்த்தும். டைரக்டரி சர்வருக்குப் புதிய சான்றிதழ் போடுவதுதான் வேலை. அந்தப் பிரிவு வேறு ஆட்கள் கையில் இருக்கும் என்பதால் இதை முதல் வாரமே கேட்டு வையுங்கள், கடைசி வாரம் கேட்டால் நடக்காது.

ஜூன் 16

டிஃப் வந்தது என்று முதலில் கேள்வி கேட்ட தம்பி அனுப்பியிருக்கிறார். அதில் கண்ணில் பட்ட ஒன்று, அனுமதியோடு போடுகிறேன். ஆய்வகக் குழு, ஒரு வீடியோ தளம். பழையதில் டிசிபி_டினைட், 403. புதியதில் டிசிபி_டன்னல், 200. அந்தக் குழுவுக்கு மட்டும்தான், மற்ற குழுக்களுக்கு ஒத்துப் போகிறது. ஆக, பட்டியல் சரியாக இருக்கிறது, குழுவைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. போய்ப் பார்த்தால் எல்டாப் வரியில் தேடும் கிளையைப் புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், ஆய்வகக் கணக்குகள் இருக்கும் கிளை அதற்கு வெளியே. ஜூன் 5-இல் சொன்ன அதே மறுப்பு வரிக் கதை. மாற்றத்துக்கு முன்பே பிடிபட்டதில் எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

லாகையே நேரடியாக ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 3.5-இல் 'டேக்_நன்' என்று வரும் இடங்களில் 5-இல் 'நன்_நன்' என்று வரும். அதைப் பாலிசி வித்தியாசம் என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்டுகள் அந்தச் சொல்லைத் தேடினால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஜூன் 19

'மாற்றுவதோடு மாற்றுவதாகப் பழைய குப்பை வரிகளையும் களைந்துவிடலாமா?'

ஆசை எனக்கும் வரும். வேண்டாம். களைந்துகொண்டே இடம் மாற்றினால் டிஃப்பில் ஒரு வித்தியாசம் வரும்போது அது நீங்கள் வேண்டுமென்றே செய்ததா, ஸ்க்விட் செய்ததா என்று பிரிக்க முடியாது. பழைய பெட்டியிலேயே முதலில் களையுங்கள், ஒரு வாரம் ஓடட்டும், பிறகு மாற்றுங்கள். இல்லை, அப்படியே மாற்றி, நிலைத்த பிறகு களையுங்கள்.

மே 29-இல் சொன்ன 3.1 நண்பருக்கு இதில் ஒரு விலக்கு: ஒரே பட்டியலில் ஒரு டொமைனின் முன்னால் புள்ளி வைத்த வடிவமும் அதன் உள் டொமைனும் சேர்ந்து இருந்தால் 3.1 முனகிவிட்டுப் போகும், பின் வந்த வரிசைகள் சில சேர்க்கைகளில் தொடங்கவே மறுக்கும். புள்ளி வைத்தது உள் டொமைன்களையும் சேர்த்தே பிடிக்கும் என்பதால் உள் டொமைனை எடுத்துவிடலாம், பொருள் மாறாது. அந்த ஒரு களையெடுப்பு கட்டாயம்.

ஜூன் 23

கெர்பராஸ் (பாஸ்வேர்டுக்குப் பதில் டிக்கெட் காட்டும் முறை) லாகின் வைத்திருப்பவர்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. புதிய பெட்டிக்குக் கீடேப் (அந்த டிக்கெட்டுகளைத் திறக்கும் சாவிகள் இருக்கும் கோப்பு) எடுக்கும்போது டைரக்டரியில் பழைய பெட்டியின் கணக்கையே பயன்படுத்தாதீர்கள். கீடேப் எடுக்கும் கருவிகள் வழக்கமாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைப் புதிதாக்கும், சாவியின் பதிப்பு எண் ஒன்று கூடும். அதற்குப் பிறகு வரும் டிக்கெட்டுகளைப் பழைய பெட்டியால் திறக்க முடியாது. சோதனைக்காக எடுத்த கீடேப் வேலைநாளில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராக்ஸியைச் சாய்த்துவிடும். புதிய பெட்டிக்குப் புதிய பெயர், தனிக் கணக்கு. 'கேலிஸ்ட் -கேஇ' போட்டால் சாவிகளும் அவற்றின் வகையும் தெரியும். ஆர்சி4 மட்டும்தான் இருக்கிறது என்றால் 9-இல் வேலைக்கு ஆகாது, ஏஈஎஸ் வேண்டும்.

ஜூன் 29

நாளை கடைசி நாள். தம்பி இன்று இரவு மாற்றுகிறார். திரும்பி வர வழி என்ன என்று கேட்டார்.

பேக் கோப்பில் (எந்த ப்ராக்ஸிக்குப் போக வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் கோப்பு) புதிய பெட்டியை முதலிலும் பழையதை அடுத்தும் போடலாம். ஆனால் உலாவி இரண்டாவதற்குத் தாவுவது முதல் பெட்டியோடு இணைப்பே கிடைக்காதபோதுதான். புதியது 403 சொன்னால் அது உலாவிக்கு ஒரு பதில், தாவாது. எனவே பாலிசிப் பிழைக்கு அது காப்பு இல்லை, பேக் கோப்பைத்தான் திருப்பிப் போட வேண்டும். பழைய பேக் கோப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்திருங்கள். உலாவிகள் பேக் கோப்பைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால் திருப்பியதும் எல்லாரும் உடனே வரமாட்டார்கள், பதற வேண்டாம்.

திங்கள் காலை முதல் வேலையாக டிஃப்பை இன்னொரு முறை ஓட்டுங்கள், இரவு க்ரான் இறக்கிய பட்டியலோடு. முடிந்ததும் ஃபார்வர்டட்-ஃபார் வரியை இரண்டு பெட்டியிலிருந்தும் எடுத்துவிட்டு 'ஸ்க்விட் -கே ரீகன்ஃபிகர்' கொடுங்கள். பழைய பெட்டியை வெளி இணையத்திலிருந்து துண்டித்து, லாகுகளுக்காக மட்டும் வையுங்கள்.